செல்போனுக்குள் ஓய்ந்திருந்தவள்

உப்புத்துறையில், சங்குக்கிடங்குத் தெரு முக்கில் இருக்கிற மைதீன் டீக்கடையில், ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம், பால் சட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த செல்போனுக்குள் பேசிக்கொண்டிருந்த ரிவ்கா, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோய், கண்ணாடிக் கிண்ணங்களில் எண்ணெய் ஊற்றி இரண்டு விளக்கு ஏற்றினாள். ஏற்றிவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள், பிறகு கையை எடுத்துவிட்டு நாற்காலியில் வந்து சாய்ந்தாள், அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. மைதீன் செல்போனைத் தட்டிப் பார்த்தான், துணியால் துடைத்துப் பார்த்தான், நெட் போய்விட்டதோ என்று வெளியே தூக்கிக்கொண்டு வந்து வானத்துக்குக் காட்டிப் பார்த்தான். நெட்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, ரிவ்கா காலை நீட்டிக்கொண்டாள். “அக்காவுக்கு அலுப்பா இருக்கும்போல,” என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த டீயை ஆற்றப் போனான்.

மறுநாள் சனிக்கிழமை பூராவும் அவள் அப்படியேதான் இருந்தாள். முந்தின நாளே ஆக்கித் தணலில் வைத்திருந்த சோற்றைத் தின்றாள், கொஞ்ச நேரம் கண் அயர்ந்தாள், எழுந்து ஏதோ பாட்டை மெதுவாக முனகினாள், ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வந்தவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் டீயை ஆறவிட்டார்கள். சாயங்காலம் உப்புக் குவியல்களுக்கு மேலே மூன்று நட்சத்திரம் தெரிந்ததும், ரிவ்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து, “ஆகையினால அந்த மனுஷன் என்ன செஞ்சான்னா,” என்று பேச்சைத் தொடர்ந்தாள்.

இதெல்லாம் நடந்தபோது நிஜ ரிவ்கா அதே தெருவில், நாலு வீடு தள்ளி, தன் வீட்டில் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரிய வழியும் இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்கு முன்னால் செல்போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிடுவாள், மறுநாள் நட்சத்திரம் கண்ட பிறகுதான் எடுப்பாள். அவர்கள் ஜனத்தில் ஓய்வுநாளன்று யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஆக, ஊரே பார்த்த அதிசயத்தைப் பார்க்க முடியாதவர்கள் அந்த ஊரில் ஏழெட்டு வீட்டார்தான், அந்த அதிசயத்துக்குச் சொந்தக்காரர்களும் அவர்கள்தான்.

அந்த ஏழெட்டு வீட்டாரையும் ஊரில் விளக்குப் பள்ளிக்காரர்கள் என்பார்கள். முத்தும் சங்கும் ஏற்றப் பாய்க்கப்பல் வந்த காலத்தில் வந்து தங்கிப்போன யூதர்கள். கூரையிலிருந்து கண்ணாடி விளக்குகள் தொங்குகிற சின்னத் தொழுகைப் பள்ளி ஒன்று அவர்களுக்கு உண்டு, உள்ளே பெட்டிக்குள் வேதச் சுருளும் உண்டு. ஆனால் பத்து ஆண்கள் கூடினால்தான் சுருளை எடுத்து வாசிக்கலாம், அந்தப் பத்துக்கு வழியில்லாமல் போய் வருஷங்களாகிவிட்டன. பிள்ளைகள் இஸ்ரேலில் அஷ்தோத்துக்கும் ஷார்ஜாவுக்கும் மெல்பர்னுக்கும் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு வாராவாரம் வேதத்தில் அந்த வாரத்துப் பகுதியைச் சுத்தத் தமிழில்லாத நல்ல தமிழில், துறைமுகத்துப் பேச்சில், சிரிக்கச் சிரிக்க விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தவன் ரிவ்காவின் புருஷன் எஸ்ரா. துறைமுகத்தில் பளு தூக்கும் விஞ்சு ஓட்டினவன். ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வலது பக்கம் விழுந்துவிட்டது, நாக்கும் பாதி போய்விட்டது. அன்றிலிருந்து முன்னறையில் கட்டிலோடு கிடக்கிறான்.

பள்ளிப் பெரியவர் எலியாகு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: “வெளியூர்ப் பிள்ளைக கேக்குதுக ரிவ்கா, எஸ்ரா மாமா பாடம் இனிமே கிடையாதான்னு. இவன் சொல்றது உனக்குத்தானே விளங்குது. இவன் உனக்குச் சொல்லட்டும், நீ செல்போனுக்குச் சொல்லு.”

“நான் அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவ, மாமா.”

“அவனும் அஞ்சாங்கிளாஸ்தான். அவன் பேசலையா?”

அப்படித்தான் ஆரம்பித்தது. எஸ்ரா ஒரு வார்த்தையைப் பாதி சொல்லுவான், மிச்சப் பாதியையும் அதற்குப் பின்னால் இருக்கிற பத்து வார்த்தையையும் ரிவ்கா கட்டிக்கொள்ளுவாள், அத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே கிடந்தவர்களுக்கு அதில் சிரமமில்லை. பக்கத்து வீட்டு அமலி, உப்பளத்து வேலை முடிந்து கால் கழுவி வந்து செல்போனைப் பிடிப்பாள். மாதா கோயில்காரி அவள், ஆனாலும் பாடம் முடிகிற இடத்தில் எல்லோருக்கும் முன்னால் ஆமென் சொல்லுவாள். முதல் பாடம் ஓய்வுநாளைப் பற்றித்தான் இருந்தது. ஆறு நாளில் எந்த மனுஷருக்கும் வேலை முடிவதில்லை, முடிந்த பிறகு உட்காரலாம் என்றிருந்தால் உட்காரவே முடியாது, ஆகவே அந்த நாள் வந்ததும் எல்லாம் முடிந்த மாதிரி நினைத்துக்கொண்டு உட்கார் என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அப்படிச் சொன்னாள் ரிவ்கா. சொல்லும்போதே அடுப்பில் பால் பொங்கிற்று, அவள் ஓடினாள். அது அப்படியே அந்தப் படத்தில் இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்பின பாடங்கள் கைமாறிக் கைமாறி ஊர் செல்போன்களுக்கும் வந்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை அமலி வந்து விஷயத்தைச் சொன்னபோது ரிவ்கா துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நேத்து பூரா செல்போனுக்குள்ள நல்லா உக்காந்திருந்தீய.”

“யாரு?”

“நீங்கதான். விளக்கேத்தி, தின்னு, தூங்கி. எங்க வீட்டுலயும் பாத்தேன், டீக்கடையிலயும் அப்படித்தான்.”

“நேத்து நான் இவருக்கு மூணு தடவை விரிப்பு மாத்தினேன் அமலி. உக்காந்தவ யாரோ, எவளோ.”

அமலி அதற்கு அடுத்த சனிக்கிழமை, செல்போனுக்குள் ஓய்ந்திருப்பவளை இன்னொரு செல்போனால் படம் பிடித்து ரிவ்காவுக்கு எடுத்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்தால் அதிலும் ரிவ்கா வாராந்தரப் பாடத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஓய்வு ஓய்வுநாளில் மட்டும்தான் கண்ணுக்குப் பட்டது. ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போயிருந்த மற்ற ஊர்க்காரர்கள் பேசினார்கள்: இங்கே சூரியன் இறங்கினபோதுதான் அத்தை விளக்கேற்றினாள், ஊரில் எப்போது ஏற்றினாள்? மெல்பர்னிலிருந்தும் அதையே கேட்டார்கள். அந்தந்த ஊர்ச் சூரியனைப் பார்த்துத்தான் ஏற்றுகிறாள் என்று தெரிந்ததும் மைதீன், “உலகம் உருண்டைன்னு வாத்தியார் சொன்னப்ப நம்பலை, இப்ப நம்புறேன்,” என்றான்.

பள்ளியில் கூடிப் பேசினார்கள். படத்துக்கு ஓய்வுநாள் கடமை உண்டா என்பது முதல் கேள்வி. உண்டு என்றால் மற்ற ஆறு நாளும் அது வேலை செய்கிறது என்று ஆகும், அப்படியானால் அதற்கு வேலை வாங்குகிறவர் யார் என்பது இரண்டாவது கேள்வி. எலியாகு வெளிநாட்டில் இருக்கிற படித்தவர்களுக்கு எழுதிப் போட்டார். ஒருவர், படம் ஓய்வதில் தப்பில்லை, ஓய்வதைப் பார்க்கிறதுதான் தப்பு என்றார். இன்னொருவர், அவள் விளக்கேற்றுவது சூரியன் மறைவதற்கு முன்னாலா பின்னாலா என்பதை மட்டும் நிச்சயப்படுத்துங்கள் என்றார். முன்னால்தான் என்று மைதீன் சத்தியம் செய்தான். அதோடு பெரியவர்கள் மனசாறி வீட்டுக்குப் போனார்கள்.

ஊருக்கு இந்த விசாரணையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. உப்பளத்துப் பெண்கள் சனிக்கிழமை மத்தியானம் கொட்டகை நிழலில் செல்போனை நிறுத்தி வைத்துவிட்டு அதன் முன்னால் காலை நீட்டினார்கள், வெடித்த பாதங்கள் வரிசையாகத் தெரியும். தூங்காத பிள்ளைகளின் தலைமாட்டில் தாய்மார் ரிவ்காவை வைத்தார்கள், பிள்ளைகள் தூங்கின, தாய்மாரும் தூங்கினார்கள். பெரியாஸ்பத்திரிக்கு வெளியே காத்துக் கிடக்கிறவர்கள் ஒரு செல்போனைச் சுற்றி நாலைந்து பேராக உட்கார்ந்து, ஒருவரும் பேசாமல், அவள் சோறு தின்பதைப் பார்த்தார்கள். டவுன் பஸ் டிரைவர் ஒருவன் ஸ்டியரிங்குக்கு மேலே மாட்டி வைத்துக் கண் அயர்ந்துவிட்டான், பஸ் மெதுவாகப் போய் உப்புக் குவியலில் முட்டி நின்றது, ஒருவருக்கும் அடியில்லை, ஆனால் அதன் பிறகு பஸ்ஸுக்குள் ரிவ்காவுக்கு அனுமதியில்லை. ஊர்க்காரர்கள் சனிக்கிழமைகளில் தாழ்ந்த குரலில் சண்டை போட்டார்கள். கல்யாண மண்டபத்து மைக் செட்காரர்கூட வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தார், யாரும் கேட்காமலே.

ஆனால் சனிக்கிழமை அவள் ஓய்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் மற்ற நாட்களில் நிஜ ரிவ்காவை ஓயவிடவில்லை. இப்படி உட்காரத் தெரிந்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்குள் ஓர் எண்ணம். ஓடிப்போன மகளை மன்னிக்கலாமா என்று கேட்டு மெசேஜ் வரும். செத்துப்போன தகப்பனுக்கு விளக்கு எந்தப் பக்கம் வைப்பது என்று வரும். வேலை போனவன், தூக்கம் போனவன், மாமியாரோடு பேச்சு போனவள், அத்தனை பேரும் எழுதினார்கள், குரல் பதிந்து அனுப்பினார்கள், சிலர் பஸ் ஏறியே வந்துவிட்டார்கள். ரிவ்கா எஸ்ராவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் அவனிடம் சொல்லுவாள், அவன் பாதி வார்த்தை சொல்லுவான், இவள் மீதியைச் சேர்த்து அவர்களுக்குச் சொல்லுவாள். சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை செல்போனை அரிசி டிரம்முக்குள் போட்ட பிறகும், பதில் சொல்லாத மெசேஜ்கள் அரிசிக்குள் புதைந்து கிடப்பது அவளுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். சனிக்கிழமை எஸ்ராவைப் புரட்டிப் போடுவாள், துடைப்பாள், விரிப்பு மாற்றுவாள். நோயாளிக்குச் செய்வது ஓய்வுநாளை மீறுவதாகாது என்று எலியாகு எப்போதோ தீர்ப்புச் சொல்லியிருந்தார். நல்ல தீர்ப்புத்தான், அதில் ஒரு குறையும் இல்லை, அந்தத் தீர்ப்பின்படி ரிவ்காவுக்குத்தான் ஓய்வுநாளே இல்லாமல் போயிற்று.

“இடுப்பு விட்டுப்போச்சு அமலி,” என்று ஒருநாள் சொன்னாள். “எப்பத்தான் முடியுமோ.”

“நீங்கதான் வாரா வாரம் அங்க உக்காந்து கெடக்கீயளே அக்கா,” என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்பு என்று தெரிந்து அமலி பேச்சை மாற்றினாள்.

அப்படியிருக்கையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மூன்று நட்சத்திரம் வந்தது, நாலாவதும் வந்தது, வானமே நிறைந்துவிட்டது, செல்போனுக்குள் இருந்தவள் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதீன் கடை திறந்தபோதும் அவள் நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஷார்ஜாவிலும் அப்படித்தான், அஷ்தோத்திலும் அப்படித்தான். பழைய பாடங்கள் அத்தனையிலும், எதைத் திறந்தாலும், அதே தூக்கம். எலியாகு தாடி ஒரு பக்கம் தானொரு பக்கமாக ஓடிவந்தார்.

“பிள்ளைக எல்லாம் போன் மேல போன் போடுதுக. எல்லாப் பாடமும் போச்சு ரிவ்கா. இவன் நாக்கு போனப்ப உன் நாக்கு இருந்துச்சு, இப்ப அதுவும் போச்சுன்னா நம்ம கதை இதோட சரி. வா, புதுசா ஒண்ணு சொல்லு, அமலி பிடிக்கட்டும்.”

ரிவ்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து சொன்னாள். அமலி பிடித்தாள். போட்டுப் பார்த்தால் வெறும் நாற்காலி இருந்தது, சுவர் இருந்தது, எங்கோ காக்கை கத்துவது கேட்டது, ரிவ்கா இல்லை. இடத்தை மாற்றி உட்கார வைத்தார்கள், வாசலுக்குக் கொண்டுபோனார்கள், அப்போதும் இல்லை. எலியாகு கட்டிலில் கிடந்த எஸ்ராவைப் பார்த்தார், எஸ்ரா கூரையைப் பார்த்தான்.

“இனி நான் ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டேன்,” என்று ரிவ்கா எழுந்தாள். “இல்லாதவ எத்தனை தடவை சொல்றது?”

எலியாகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அமலி மட்டும் நின்றாள். அவளுக்கு என்னவோ தோன்றிற்று, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

“அக்கா, இன்னிக்கு ஞாயித்துக்கெழமை.”

“அதுக்கென்ன?”

“ஓய்வுநாள் முடிஞ்சு போச்சுல்ல. இப்ப நீங்க பாக்கலாமே.”

இது அதுவரை ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள். ஊர் பூராவும் பார்த்துப் பார்த்துச் சலித்த ஒன்றை, அதற்குரியவள் பார்க்க முதல்முறையாக வழி திறந்திருந்தது. ரிவ்கா அமலியின் கையிலிருந்து செல்போனை வாங்கி, எஸ்ராவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

அவள் வீடுதான் அது, அவள் முன்னறைதான், அவள் நாற்காலிதான். ஆனால் அந்த வீட்டில் எல்லா வேலையும் முடிந்திருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன, ஒன்றிலும் கரியில்லை. துணிகள் காய்ந்து மடிந்து மூலைக்கு மூலை சேர்ந்து அடுக்கியிருந்தன. அரிசி புடைத்து முறத்தில் வெள்ளையாய்க் கிடந்தது. அவள் வீட்டில் வருஷக்கணக்காக ஒழுகுகிற குழாய் அங்கே ஒழுகவில்லை. தரை காய்ந்திருந்தது. செல்போன் எங்கும் இல்லை, கேள்வியோடு வாசலில் யாரும் இல்லை. நாற்காலியில் தூங்கினவளின் கைகள் மடியில் திறந்து கிடந்தன, எதையும் பிடிக்காத கைகள், அப்படித் தன் கைகளை ரிவ்கா ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்த வீட்டுக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது. இடுப்பு வலி, தோள் வலி, கண் எரிச்சல் எல்லாவற்றையும் இந்தப் பக்கமே கழற்றி வைத்துவிட்டு, அந்தக் காய்ந்த தரையில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டால் போதும் என்று இருந்தது.

அப்புறம்தான் சுவரோரம் பார்த்தாள். கட்டில் மடக்கி நிமிர்த்திச் சாத்தி வைத்திருந்தது. விரிப்பு நாலாய் மடிந்து அதன் மேல் கிடந்தது. மருந்துப் புட்டிகள் இருந்த மாடம் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

ரிவ்கா செல்போனைச் சட்டென்று மடியில் கவிழ்த்ததைப் பார்த்து எஸ்ரா கேட்டான்: “ஏட்டி. என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“காட்டு.”

“வேண்டாங்க.”

“காட்டு…ங்கேன்.”

அவள் காட்டினாள். நாற்பது வருஷம் மறைக்காததை இன்றைக்கா மறைப்பது. அவன் நல்ல பக்கத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். ஒருகாலத்தில் மேலே தொங்குகிற மூட்டையை அளவு பார்த்த அதே பார்வை.

“கட்டில… நல்லா… மடிச்சிருக்கா,” என்றான்.

ரிவ்கா அவன் காலுக்கு மேல் போர்வையை இழுத்துவிட்டாள்.

“நான்… எங்க?”

“டீ குடிக்கப் போயிருப்பீய,” என்றாள் அவள். அமலி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எப்பத்தான் முடியுமோ, எப்பத்தான் முடியுமோ என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். தண்ணீர்க் குடத்தை இறக்கும்போது சொல்லியிருக்கிறாள், விரிப்பைப் பிழியும்போது சொல்லியிருக்கிறாள், சொல்லுகிறோம் என்று தெரியாமலேகூடச் சொல்லியிருக்கிறாள். எது முடியவேண்டும் என்று ஒருநாளும் அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. செல்போனுக்குள் இருக்கிறவள் அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் முடித்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். வேலையே இல்லாத வீட்டில் எழுந்து என்ன செய்வாள்?

எஸ்ரா தன் இடது கையால் அவள் முழங்கையைத் தட்டினான். “அவளுக்குப்… பாடம் சொல்லு.”

“என்னத்தச் சொல்ல?”

“மொதப்… பாடம்.”

ரிவ்கா செல்போனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். தன் முகத்தைப் பார்த்துத் தானே பேசுவதற்கு அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, பிள்ளையை எழுப்புகிற மாதிரி மெதுவாக ஆரம்பித்தாள்.

“இந்தா, கேளு. நீ நல்லாத் தூங்கு, உன்னை வேண்டாங்கல. ஆனா முடிஞ்சிருச்சுன்னு உனக்கு யார் சொன்னா? முடியல. அரிசியில இன்னும் கல்லு கெடக்கு. துணி கொடியிலயே கெடக்கு, இன்னிக்கு மழை வந்தா அதுவும் போச்சு. குழாய் ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு, சத்தம் உனக்குக் கேக்கலையா. மக ஓடிப்போச்சுன்னு எழுதினவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லல, சொல்லவும் எனக்குத் தெரியல. இவர் இருக்காரு. இங்கதான் கெடக்காரு, காலு சில்லுன்னு இருக்கு, தேச்சுவிடணும், இன்னிக்குத் தேச்சாலும் நாளைக்கும் தேக்கணும். ஒண்ணும் முடியல, கேட்டியா. முடியாதுன்னுதான் நம்ம பெரியவங்க அந்த நாளை வச்சாங்க. முடியாதது முடியாமயே கெடக்கட்டும், அது கெடக்கிற வீட்டுல, அது பக்கத்துலயே, முடிஞ்சாப்பல கொஞ்சம் உக்காருன்னாங்க. நான் உனக்கு வாயால சொன்னேன். நான் ஒருநாளும் உக்காரல. நான் உக்காராததை நீ எப்படிக் கத்துக்குவ? தப்பு உன் மேல இல்ல. எந்திரி. எந்திரிச்சு அவர் கட்டிலப் போடு.”

குழாய் ஒழுகிற்று. பிறகு செல்போனுக்குள் இருந்தவள் கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள் மாதிரி சுற்றிப் பார்த்தாள், எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போனாள், கட்டிலை இறக்கி விரித்துப் போட்டாள். விரிப்பை உதறினாள். அது உதறப்பட்டபோது அதிலிருந்து தூசி பறந்தது, தரையில் எங்கிருந்தோ ஈரம் வந்தது, அடுப்படியில் பாத்திரம் ஒன்று சரிந்து விழும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, “ஆகையினால,” என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

“வந்துட்டா,” என்றான் எஸ்ரா.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிவ்கா பள்ளிக்குப் போனாள். எலியாகு திரி திரித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, நோயாளிக்குச் செய்யறது ஓய்வுநாள்ல ஆகும்னு சொன்னீயல்ல.”

“ஆகும். ஆகணும். அதுல சந்தேகமே கிடையாது.”

“யாரு செய்யணும்னு அதுல இருக்கா?”

எலியாகு திரியைக் கீழே வைத்தார். தாடியைத் தடவினார். தீர்ப்பைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார்போல, அதில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் காலைத் தொழுகை முடிந்ததும் அவர் வெள்ளைச் சட்டையோடு வந்தார், பள்ளியில் மிச்சமிருந்த ஆண்களில் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வேதத்தைக் கரைத்துக் குடித்த மனுஷர், படுத்துக் கிடக்கிற ஒருவனைப் புரட்டிப் போட்டுப் பழக்கமில்லை. ஒருவர் தோளைப் பிடித்தார், ஒருவர் காலைப் பிடித்தார், எலியாகு எதைப் பிடிப்பதென்று தெரியாமல் தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மெதுவா,” என்றான் எஸ்ரா. “மூட்டை… இல்ல.”

“நீ எத்தனை மூட்டையைத் தூக்கிக் கீழ போட்டிருப்ப, இப்பத் தெரியுதா,” என்றார் எலியாகு மூச்சு வாங்கிக்கொண்டு.

“ஒண்ணுகூட… போட்டதில்ல.”

அவர்கள் விரிப்பை மாற்றினார்கள், கோணலாகத்தான் விரித்தார்கள். ரிவ்காவின் கை இரண்டு தடவை தானாகவே எழுந்தது, இரண்டு தடவையும் அதை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அடுப்படியில் முந்தின நாள் கழுவ நேரமில்லாமல் போன பாத்திரங்கள் குவிந்து கிடந்தன, அவளுக்கு நினைவு தெரிந்து அந்த வீட்டில் ஓய்வுநாள் இப்படிக் கழுவாத பாத்திரத்தோடு பிறந்ததில்லை. அரிசி டிரம்முக்குள் செல்போன் கிடந்தது, அதற்குள் யார் யாருடைய துக்கமோ கிடந்தது. குழாய் ஒழுகிற்று. அவள் எஸ்ராவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாய்ந்தாள். எலியாகு விரிப்பின் மூலையை இழுத்து விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், அவர் இழுத்து முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதீன் டீ கொண்டுவந்தான். எஸ்ராவுக்கு ஆற்றின டீ, ரிவ்காவுக்குச் சூடாக. வாசல்படியில் வைத்துவிட்டு, போகாமல் நின்றான்.

“அக்கா, நேத்து செல்போனுக்குள்ள ஒரே கூட்டம்.”

“என்ன கூட்டம்?”

“பள்ளிக்காரவுக எல்லாம் நிக்காவ. பெரியவருக்குச் சட்டையெல்லாம் வேர்த்துப் போச்சு. அண்ணன் கட்டில்ல இருக்காரு, எங்களைப் பாத்து ஒரு கண்ணச் சிமிட்டினாரு. நீங்க வாயத் தொறந்து தூங்குறீய, குறட்டை கடை பூரா கேட்டுச்சு.”

“போடா.”

“நெசமாத்தான். உப்பளத்துப் பொம்பளைய எல்லாம் சிரிச்சுச்சுக, சிரிச்சுட்டு அதுகளும் தூங்கிட்டுதுக.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான், “ஆனா அக்கா, முன்னெல்லாம் பின்னால எல்லாம் பளிச்சுன்னு இருக்கும். நேத்து ஒரே பாத்திரக் குவியல்.”

ரிவ்கா டீயை எடுக்கப் போன கையை நிறுத்தினாள்.

“கழுவாமலா கெடந்துச்சு?”

“கழுவாமத்தான்.”

“சரி,” என்றாள் ரிவ்கா. டீயைக் குடித்து முடித்தாள், டம்ளரை அவனிடம் கொடுத்தாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பாத்திரங்களைக் கழுவ உள்ளே போனாள்.